டோலியில் ஏறியவர் யார்

நான் ஓய்வு பெற்றதும், தை மாதம் சிம்லா போய்ப் பனிமலை பார்க்க ஆசைப்பட்டாள் என் மனைவி. மோட்டாரில் மலை ஏறினால் எனக்கு வாந்தி வரும். ஆகையால் ரயில், அதற்கு மேல் ஆட்கள் தூக்கும் டோலி என்று திட்டம் போட்டேன். தாலுகா ஆபீசில் எதையும் சோதிக்காமல் உத்தரவு போட்டவனல்ல நான். அவள் உடம்பு குளிர் தாங்குமா என்று பார்க்க, மார்கழியில் கொல்லிமலைக்கு அழைத்துப் போனேன். தாங்காவிட்டால் வீட்டிலேயே இருக்க வேண்டியதுதான் என்றும் சொல்லிவைத்தேன்.

அவள் டோலியில் முன்னே போக, நான் கம்பளிக் கோட்டுடன் பின்னே நடந்தேன். வளப்பூர் நாடு என்ற மலையூருக்கு ஏறும் வழியில் மூடுபனி இறங்கி, டோலி மறைந்தது. எந்தப் பக்கம் பாதை, எந்தப் பக்கம் பள்ளம் என்றே தெரியவில்லை. பல் கிட்டிக்கொள்ள, ஒரு பாறையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

"ஏனுங்க, எங்க இருக்கீங்க?"

பனிக்குள்ளிருந்து அவள்தான் நடந்து வந்தாள். பின்னால் வெறும் டோலியுடன் ஆட்கள்.

"ஏறுங்க," என்றாள்.

"சோதனை உனக்குத்தானே?"

"அதையெல்லாம் அப்புறம் பேசிக்கலாமுங்க. ஒதடு நீலம் பாரிச்சுப் போச்சு."

டோலிக்காரர் ஒருவர் முனகினார்: "அம்மா பூவாட்டம் இருந்தாங்க. சாமி நல்ல கனமுங்க!"

அவள் என் கையைப் பிடித்தபடி கூடவே நடந்தாள்.

"தையில போறமுங்களா?"

"தாங்காத ஆளு ஊட்லயே இருக்கணும்னுதானே என் உத்தரவு?"

"உங்கள நான் கூட்டிட்டுப் போறனுங்க."

போய் வந்தோம். அவள் பனிமலையைப் பார்த்தாள்; நான் பெரும்பாலும் அவள் கையை விடாமல் பிடித்திருந்தேன். யார் யாரை அழைத்துப் போனது என்பது மட்டும் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.