சீமோவின் சூட்டுப்பெட்டி

சீமோ செத்துப்போன அன்று காலையில்தான் கோழி முட்டைகளில் குஞ்சுகளின் மூக்கு தெரிய ஆரம்பித்தது. அதைப் பார்த்துவிட்டு, வாயெல்லாம் பல்லாகச் சோறு தின்றுவிட்டு, மதியம் கண்ணை மூடியவன் அப்புறம் திறக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடிவந்து அவன் மனைவி லூமெனைக் கட்டிக்கொண்டு அழுதபோது அவள் காது மட்டும் கொல்லைப்பக்கமே இருந்தது. அங்கே ஓடு உடைத்துக் குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன. பாவி மனுஷன், பார்க்காமலே போய்விட்டானே!

தாய்க்கோழியிடம் குஞ்சை விட்டுவைக்கிற பழக்கம் சீமோவுக்குக் கிடையாது. மழைக்காலத்தில் அது ஈரத்தில் இழுத்துக்கொண்டு அலைந்து பாதியைச் சாகடித்துவிடும் என்பான். பொரித்ததும் அள்ளிவந்து தன் பெட்டியில் விடுவான். பெட்டி என்றால் ஆப்பிள் வந்த பழைய மரப்பெட்டி. அடியில் உமி, சுற்றிலும் சாக்கு, மேலே தகரக் குவளைக்குள் ஒரு குண்டு பல்பு. பல்பை ஏற்றி இறக்க ஒரு கயிறு. குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் குளிர்கிறது என்று இறக்குவான். மூலைக்கு ஓடினால் சூடு என்று ஏற்றுவான். அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பெட்டியருகிலேயே பாயைப் போட்டுப் படுத்துவிடுவான்.

கல்யாணமான முதல் மழைக்காலத்தில் லூமென் கேட்டே விட்டாள்: "நான் உனக்குப் பொண்டாட்டியா, அந்தப் பெட்டி பொண்டாட்டியா?"

"உனக்குப் போர்வை இருக்கு. அதுகளுக்கு யாரு இருக்கா?"

"இருக்கும், இருக்கும். பெருசானா சேவல்கட்டுல கத்தி கட்டி விடத்தானே இந்தப் பாசம்?"

"பேசு பேசு. எதிராளியோட சேவல் தோத்து நம்ம வீட்டுக் குழம்புக்கு வரும்போது மட்டும் உன் வாய் பேசாது!"

இப்போது நினைத்தால் அந்த மழைக்காலங்களில்தான் தான் நன்றாக வாழ்ந்ததாக லூமெனுக்குத் தோன்றியது. கூரையில் மழை, உமி சூடேறும் வாசனை, குஞ்சுகளோடு அவன் பேசுகிற பேச்சு. "அம்மா இன்னிக்குக் கோவமா இருக்கா, சத்தம் போடாதீங்கடா" என்பான். பிள்ளை இல்லாத வீட்டில் அவளை அம்மா என்று சொன்ன ஒரே வாய் அது. அதை மண்ணுக்குள் வைக்கப் போகிறார்கள். ஆனால் அவளுக்கு அழுகை வரவில்லை. பொரித்த குஞ்சுகளை அவளே அள்ளிவந்து பெட்டியில் விட்டாள்.

சவப்பெட்டிக்காரர்கள் வந்து, முகத்துக்கு மேலே கண்ணாடி பதித்த பெட்டியில், ஊர் வழக்கப்படி அடக்கம்வரை சில நாள் இருக்கக் கூடத்தில் அவனைக் கிடத்தினார்கள். தலைமாட்டிலும் கால்மாட்டிலும் உயரமான விளக்குகள். வீட்டில் இருப்பதோ ஒரே ஒரு பிளக் பாயிண்ட். சூட்டுப்பெட்டியின் வயரைப் பிடுங்கிவிட்டுத் தங்கள் வயரைச் சொருகினார்கள். லூமென் மரப்பெட்டியைத் தரதரவென்று இழுத்துவந்து சவப்பெட்டியை ஒட்டிவைத்து, கால்மாட்டு விளக்கின் கழுத்தை அதன்மேல் வளைத்துவிட்டாள்.

சீமோவின் அக்கா பசிங் தலையில் கைவைத்துக்கொண்டாள். "இயேசு மரி சூசையே! என் தம்பி கிடக்கிற இடமா இது, கோழிப்பண்ணையா?"

"உங்க தம்பிக்கு ரெண்டும் ஒண்ணுதான் மதினி."

உமி கூடமெங்கும் சிதறியது. சவம் வீட்டில் இருக்கும்வரை துடைப்பத்தைத் தொடக் கூடாது என்பதால் வந்தவர்களெல்லாம் அதை மிதித்துக்கொண்டுதான் செபம் சொன்னார்கள். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மறுநாள் விடிகாலையில் ஒரு குஞ்சு சோர்ந்து கிடந்தது. தூக்கமில்லாத லூமென் அதை எடுத்து, நல்ல சூடாக இருந்த தலைமாட்டு விளக்கின் கீழே, சவப்பெட்டியின் கண்ணாடிமேல் விட்டாள். சீமோ முகத்துக்கு நேராக அது நின்றது. அவனும் பார்க்கட்டுமே என்று நினைத்தாளே ஒழிய, ஊர் வழக்கம் அவள் ஞாபகத்துக்கு வரவில்லை.

கொலையுண்டவன் பெட்டிமேல்தான் கோழிக்குஞ்சை விடுவார்கள். அது கொத்தக் கொத்த, கொன்றவனின் நெஞ்சு உறுத்தும் என்பது நம்பிக்கை. போதாதா? சீமோவை யாரோ தீர்த்துவிட்டார்கள் என்று மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. போன மாதம் சேவல்கட்டில் அவனிடம் தோற்ற தொரிபியோ மழையில் நனைந்துகொண்டு ஓடிவந்தான்.

"நான் ஒண்ணும் பண்ணலம்மா! சேவல் தோத்ததுக்கு யாராவது ஆளக் கொல்லுவாங்களா?"

"யாரும் யாரையும் கொல்லல. குஞ்சுக்குக் குளிருது, அவ்வளவுதான். உக்காரு, காப்பி குடி" என்றாள் லூமென்.

பசிங்குக்குப் பொறுக்கவில்லை. "மானம் போகுது. இப்பவே இதுகள அடுப்படிக்குக் கொண்டுபோ."

"அங்க விளக்கு இல்ல மதினி. விறைச்சுச் செத்துடும்."

"சாகட்டுமே! என் தம்பியே போயிட்டான்."

"அதனாலதான் இதுக சாகக் கூடாதுங்கறேன்."

அதற்கப்புறம் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

அடக்கத்தன்று காலையில் மழை கொட்டியது. சவப்பெட்டியைத் தூக்கப் போகும் நேரத்தில் கரண்ட் போய்விட்டது. கோயில் பூசை, கல்லறை எல்லாம் முடிந்து திரும்பப் பொழுது சாய்ந்துவிடும். லூமென் உமிக்குள் கையை விட்டுப் பார்த்தாள். சில்லென்றிருந்தது. குஞ்சுகள் ஒரே குவியலாகக் கிடந்து கத்தின. அவள் அறைக்குள் போய்க் கறுப்புச் சட்டையின் பொத்தான்களைக் கழற்றினாள். குஞ்சுகளை உள்ளே விட்டு, கீழே நழுவாமல் இடுப்பில் ஒரு துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஊர்வலத்தில் நடந்தாள்.

பூசை நடக்கும்போது அவள் நெஞ்சிலிருந்து கீச்சுக் கீச்சென்று சத்தம் வந்தது. பாதர் ஒருமுறை நிறுத்திப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார். "புருஷன் போன துக்கத்துல ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல, கோழி வளக்கறா பாரு" என்று பின்னால் யாரோ சொன்னது அவள் காதில் விழுந்தது.

கல்லறையில் கடைசியாக முகம் பார்க்கப் பெட்டியின் மேல்மூடியைத் திறந்தார்கள். லூமென் கண்ணாடிக்கு அருகில் குனிந்தாள்.

"எல்லாம் உசுரோட இருக்கு சீமோ. ஒண்ணுகூடச் சாகல."

அதைச் சொல்லி முடிப்பதற்குள் அத்தனை நாள் வராத அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. கண்ணீர் பெட்டியில் விழுந்தால் போகிற உயிருக்குப் பாரம் என்பார்கள். பசிங் பாய்ந்து அவள் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். லூமென் பயந்துபோய் இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டாள். பசிங் அந்தக் கைகளையே கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு குடையைத் தொரிபியோவிடம் கொடுத்துவிட்டுத் தன் சட்டையின் மேல்பொத்தானைக் கழற்றினாள்.

"பாதிய இங்க குடு. இப்படி நெருக்கி வச்சா மூச்சு முட்டாதா?"

குஞ்சுகள் ஒவ்வொன்றாகக் கைமாறின. பசிங் அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"இப்ப அழு. மெதுவாச் சாஞ்சு அழு, நசுங்கிடப் போகுது."