வெல்டிங் கம்பியில் எடுத்த முதுகளவு

குதிரையை அடித்தார் என்று கடிதம் எழுதி ஒருவருடைய பிழைப்பைக் கெடுத்தேன். அவர் அடிக்கவில்லை. இதைச் சொல்ல இத்தனை வருடம் ஆனதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. சொல்லாமல் இருப்பது சௌகரியமாக இருந்தது.

எழுபதுகளின் தொடக்கத்தில் கும்மிடிப்பூண்டியில் எழும்பிக்கொண்டிருந்த ஓர் உருக்காலையில் நான் பொறியாளர். மழை பெய்தால் ஜீப் சேற்றில் இறங்கிவிடும், அதனால்தான் குதிரை என்று எல்லோரிடமும் சொன்னேன். கல்லூரியில் என்.சி.சி.யில் இரண்டு வருடம் குதிரை ஏறியிருந்தேன். அதை யாரும் பார்த்ததில்லை என்ற குறை இருந்தது. உண்மைக் காரணம் அதுதான்.

மதராஸில் பந்தயம் ஓடி ஓய்ந்த செம்பழுப்புக் குதிரை. அதன் சொந்தக்காரர் எனக்குத் தெரிந்தவர், சும்மாவே கொடுத்தார். கூடவே, லாயத்தில் அதைப் பராமரித்துவந்த குதிரைக்காரரையும் அனுப்பிவைத்தார்; லாயத்தில் அவர்களை ‘சைஸ்’ என்பார்கள். சைஸ் என்னைவிட இருபது வயது மூத்தவர். நான் அவரை ‘நீ’ என்றேன், அவர் என்னை ‘சார்’ என்றார். அன்று அது இருவருக்கும் இயல்பாக இருந்தது.

பந்தயத்தில் அதன்மேல் ஏறியவர்கள் ஒரு மூட்டை சிமெண்ட் எடைதான் இருப்பார்கள். அதுவும் இரண்டு நிமிடம். நான் ஒன்றரை மூட்டைக்கு மேல். முதல் நாள் ஏறி உட்கார்ந்ததும் அதன் முதுகு, கயிறு தளர்ந்த கட்டில்போல எனக்குக் கீழே இறங்கியது.

“எறங்கிடு சார்,” என்றார் சைஸ். “முதுவுல சதையே இல்ல. எலும்பு மேல குந்திக்கினு கீற.”

மறுநாள் சேணத்துக்கு அடியில் கம்பளியை இரண்டாக மடித்துப் போட்டேன்.

“பூட்ஸ் கடிச்சா ரெண்டு சாக்ஸ் போட்டுக்குவியா சார்? இன்னும்தான இறுக்கும்?”

கோபம் வந்தது. பொறியாளனுக்குத் தெரிந்த வழியில் இறங்கினேன். வெல்டிங் கம்பி ஒன்றை அதன் முதுகில் வைத்து, மேடுபள்ளம் பிசகாமல் வளைத்து எடுத்தேன். சேணத்தின் உள்சட்டத்தை எங்கள் பட்டறையில் அந்த வளைவுக்கே அடித்துத் திருத்தி, தோல் வேலைக்கு மதராஸுக்கு அனுப்பினேன். திரும்பி வந்த சேணம் முதுகில் உட்கார்ந்தபோது இடையில் ஒரு தபால் கார்டுகூட நுழையவில்லை. ஃபிட்டர்களை அழைத்து வந்து காட்டினேன்.

சைஸ் சுற்றிவந்து பார்த்தார். “கரீக்டா கீது சார். ஆனா இது ஒல்லியா கீறப்போ எடுத்த அளவு. சதை ஏறினா இன்னா பண்ணுவ?”

“ஏறட்டும், பார்க்கலாம்” என்றேன்.

அவர் ஏற்றினார். காலையில் வெந்நீரில் துணி முக்கி முதுகில் போடுவார். நல்லெண்ணெய் தேய்ப்பார். சவுக்குமரக் கழிகளைத் தரையில் இடைவிட்டுப் போட்டு, குதிரையைத் தலை தாழ்த்தித் தாண்டி நடக்கவைப்பார். ஏரிக்கரைச் சரிவில் மெதுவாக ஏற்றி இறக்குவார். வேர்க்கடலைக் கொடியைக் கையில் வைத்துக்கொண்டு அதன் முன்னங்கால்களுக்கு நடுவே நீட்டுவார்; அதை எட்ட குதிரை குனிந்து முதுகை மேலே தூக்கும். நாளுக்கு இருபது தடவை. வேலையற்ற வேலை என்று நினைத்தேன். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஏறினேன்.

நாலு மாதத்தில் குதிரை பார்க்க லட்சணமாகிவிட்டது. ஆனால் சேணத்தைக் கண்டால் காதைப் பின்னால் மடித்துக்கொண்டு கடிக்க வந்தது. தோள்பட்டைக்குப் பின்னால், முதுகெலும்பின் இரண்டு பக்கமும் நீளமாக வீங்கியிருந்தது. கழியால் அடித்தால் வரும் தழும்பின் நீளம்.

“அடிச்சியா?” என்று கேட்டேன். கேட்டில் இருந்த வாட்ச்மேன் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நானா? சேணத்த வச்சிப் பாரு சார். அதுதான் அடிக்கிது.”

வைத்துப் பார்க்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை உலைக்குப் பூஜை. மேலதிகாரிகள் வரும்போது குதிரையில் வந்து நிற்பதாக மனத்துக்குள் தீர்மானம் செய்திருந்தேன். சைஸ் சேணம் கட்ட முடியாது என்றார். “வேற ஆளப் பாத்துக்க. நான் கட்ட மாட்டேன்.” அன்றே குதிரையைக் கொடுத்தவருக்குக் கடிதம் எழுதினேன்: இவர் குதிரையைக் கழியால் அடிக்கிறார், கண்ணால் பார்த்தேன். சைஸ் சாயங்கால ரயிலில் போய்விட்டார்.

என் மனைவி சோறு பரிமாறிக்கொண்டே கேட்டாள்: “அடிக்கிறவர் கையிலேர்ந்து அது கொடி வாங்கித் தின்னுமா?”

குழம்பில் உப்பு குறைவு என்றேன்.

வெள்ளிக்கிழமை நானே சேணம் வைத்து வயிற்றுப்பட்டையை இறுக்கி, ஏறினேன். உலை வாசலில் ஐயர் பூசணிக்காயைத் தலைக்கு மேல் தூக்கிய நேரத்தில் குதிரை முன்னங்காலை மடித்தது. பிறகு பின்னங்காலை. என்னோடு சேர்ந்து தரையில் படுத்துக்கொண்டது. மேலதிகாரி ஒருவர் கைதட்டினார். வித்தை என்று நினைத்துவிட்டார்.

மறுநாள் பொன்னேரியிலிருந்து கால்நடை மருத்துவர் வந்தார். முதுகை விரல்களால் அழுத்திக்கொண்டே போனார். சேணத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அளவு எடுத்தது எப்படி என்று கேட்டார். கம்பியைக் கொண்டுவந்து பெருமையோடு கொடுத்தேன். அதைக் குதிரையின் முதுகில் வைத்தார். கம்பி உட்காரவில்லை. இருபக்கமும் சதை புடைத்திருந்தது. கம்பி இரண்டே இடத்தில் தொட்டு, மற்ற இடத்தில் அந்தரத்தில் நின்றது. தொட்ட இரண்டு இடமும் வீங்கிய இரண்டு இடம்.

“முதுகு பிரமாதமா வளர்ந்திருக்கு,” என்றார். “பந்தயக் குதிரைக்கு இப்படிச் சதை வந்து நான் பார்த்ததில்லை. பழைய அளவுச் சேணம் அதை நசுக்குது, அவ்வளவுதான். யார் சார் பார்த்துக்கிட்டது?”

கேள்விக்கும் பதிலுக்கும் இடையில் யோசிக்க வேண்டிய அளவு நேரம் இருந்தது. யோசித்துவிட்டுத்தான் சொன்னேன்:

“நான்தான்.”

“நல்லா பண்ணியிருக்கீங்க,” என்று கைகொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான் அதன்மேல் ஏறவில்லை. கொடியை நீட்டிப் பார்த்தேன். என் கையிலிருந்து வாங்க நாலு நாள் ஆயிற்று.

அடுத்த ஆடி மாதம் மனைவியோடு பெரியபாளையம் போனேன். கோயிலுக்கு வெளியே வேப்பிலைக் கட்டு விற்றுக்கொண்டிருந்தார் சைஸ். என் கடிதம் ஒரு லாயத்திலிருந்து அடுத்த லாயத்துக்குப் போயிருந்தது. எங்கும் அவரைச் சேர்க்கவில்லை. இதை அவர் குறையாகச் சொல்லவில்லை, நான் கேட்டதற்குப் பதிலாகச் சொன்னார். பிறகு அவர் கேட்டார்:

“முதுவு எப்டி கீது?”

“நல்லா இருக்கு.”

“மேல குந்துறியா?”

“இல்லை.”

“அத்த செய் சார்,” என்று சிரித்து, மனைவியிடம் ஒரு கட்டு வேப்பிலையைக் கொடுத்தார். டப்பு வேண்டாம் என்றார்.

மருத்துவர் சொன்னதை நான் சொல்லவில்லை. அது அவருக்குச் சேரவேண்டிய வார்த்தை. ஒரு வாக்கியம்தான், சொல்லியிருக்கலாம். இன்னொரு கடிதமும் எழுதியிருக்கலாம். சட்டைப் பையில் பேனா இருந்தது. மனைவி அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். கூட்டமாக இருக்கிறது, பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று அவளிடம் சொன்னேன்.