இடது காலுக்கு வேலை இல்லாத வண்டி

போன வருடம் தீபாவளி முடிந்து, மழை பிடித்துக்கொண்ட சமயத்தில் நடந்தது இது. நாங்கள் இருப்பது கவரைப்பேட்டையில். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவுக்கு நான் பொறுப்பாளர். சின்ன வயதில் வந்த போலியோவால் என் இடது கால் சூம்பிவிட்டது. இரும்புப் பட்டை வைத்த ஷூவை மாட்டிக்கொண்டுதான் நடப்பேன். இதை முதலிலேயே சொல்லிவிட்டால்தான், ஒரு காருக்காக நான் ஏன் அத்தனை பிடிவாதமாகக் காத்திருந்தேன் என்பது உங்களுக்குப் புரியும்.

கல்யாணமான நாளிலிருந்து என் கணவர்தான் பைக்கில் என்னைக் கொண்டுபோய் விடுவார். அவருக்கும் அதே பேட்டையில் வேறொரு கம்பெனியில் ஃபிட்டர் வேலை. எங்கள் ஷிஃப்ட் ஒத்துப்போகாத வாரங்களில் ஷேர் ஆட்டோ, கம்பெனி பஸ், இல்லாவிட்டால் தெரிந்தவர் யாராவது. ஒருவரும் முகம் சுளித்ததில்லை. ஆனாலும் தினமும் யாருடைய நேரத்தையாவது கேட்டு வாங்கிக்கொண்டுதான் என்னால் வேலைக்குப் போக முடிந்தது. நினைத்த நேரத்தில் கிளம்ப வேண்டும், நினைத்த இடத்தில் நிறுத்த வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அம்பத்தூரில் கிளட்ச் இல்லாத வண்டி வைத்துக் கற்றுக்கொடுக்கும் டிரைவிங் ஸ்கூல் ஒன்று இருப்பது தெரிந்ததும் ரயிலேறிப் போய்ச் சேர்ந்தேன். திருவள்ளூரில் டாக்டரிடம் காலைக் காட்டிச் சான்றிதழ் வாங்கினேன். லைசென்ஸ் டெஸ்ட்டில், மற்றவர்களை ஒரு முறை ரிவர்ஸ் எடுக்கச் சொன்ன அதிகாரி என்னை மட்டும் திரும்பத் திரும்ப எடுக்கச் சொன்னார். நானும் முகம் கோணாமல் எடுத்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் அவருக்கே அலுத்துப்போய்க் கையெழுத்துப் போட்டார்.

அப்புறம் கார். மாதவரம் பக்கம் இருந்த ஷோரூமுக்கு என் கணவரோடு போனேன். விற்பனைப் பிரிவில் இருந்த இளைஞர் எங்களைக் கிளட்ச் இல்லாத, சின்னதாக இருந்த ஓர் எலெக்ட்ரிக் காரிடம் கூட்டிப்போனார். நான் அதற்குப் பக்கத்தில் நின்ற இன்னொரு எலெக்ட்ரிக் காரைக் கேட்டேன். இருப்பதிலேயே வேகமான வண்டி அது. அவர் தயங்கினார். “மேடம், இது மிதிச்சா சட்டுனு பாயும். உங்களுக்கு…” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

என் கணவருக்கும் அதே சந்தேகம்தான். “ஊட்டுக்கும் கம்பெனிக்கும் போய் வர இவ்ளோ வேகம் இன்னாத்துக்கு?” என்று மெதுவாகக் கேட்டார்.

பள்ளிக்கூடத்தில் வருடா வருடம் ஓட்டப்பந்தயம் நடக்கும். முடிவுக்கோட்டில் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வேலை எப்போதும் எனக்குத்தான். மற்ற பிள்ளைகள் மூச்சிரைக்க ஓடி வந்து கயிற்றில் மோதுவார்கள். அந்த வேகம் எப்படியிருக்கும் என்று யாரிடமும் கேட்டதில்லை. இதை அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவரிடம் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவேயில்லை. மாடி கட்டுவதற்கு என்று வைத்திருந்த சேமிப்பை இதற்குத் திருப்பிவிடச் சொன்னதும் அவர்தான்.

அந்த வண்டியை ஓட்டிப் பார்த்தபோது, வலது காலை லேசாக அழுத்தியதும் என் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். இறங்க மனம் வராமல் இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கேட்டு ஓட்டினேன். அன்றே புக் செய்துவிட்டோம்.

ஆயுத பூஜைக்கு வண்டி வந்துவிடும் என்றார்கள். வரவில்லை. தீபாவளிக்கு என்றார்கள். அப்போதும் வரவில்லை. பேட்டரிக்கு ஏதோ பாகம் வரவில்லையாம், எனக்கு முன்னால் நிறைய பேர் இருக்கிறார்களாம். வேறு நிறத்தில் எடுத்துக்கொள்கிறீர்களா, சின்ன வண்டி என்றால் உடனே கிடைக்குமே என்று ஆசை காட்டினார்கள். முடியாது, என் முறை வரும்போது நான் கேட்ட வண்டியே வரட்டும் என்று சொல்லிவிட்டேன்.

வீட்டில் சார்ஜர் பெட்டி மட்டும் முன்கூட்டியே வந்து சுவரில் உட்கார்ந்துகொண்டது. ராவும் பகலும் பச்சை விளக்கு எரியும், கீழே வண்டி இல்லை. தண்ணி சுத்தம் பண்ற மிஷினா என்று கேட்டுவிட்டுப் போனார் பக்கத்து வீட்டு அம்மா. கம்பெனி கேட்டில், கேன்டீனில், ஸ்டோர்ஸில், எங்கே போனாலும் “வண்டி வந்துச்சா மேடம்?” என்ற விசாரிப்புதான். நெடுஞ்சாலையில் கார்களை ஏற்றிக்கொண்டு நீளமான லாரி எது போனாலும், பைக்கின் பின்சீட்டிலிருந்து அண்ணாந்து பார்ப்பேன். சில நாள் அலுப்பாக இருக்கும். இருந்தாலும் புக்கிங்கை ரத்து செய்யலாம் என்ற எண்ணம் ஒருபோதும் வந்ததில்லை.

கார்த்திகை பிறந்த பிறகு ஒரு நாள் போன் வந்தது. உங்கள் வண்டி வந்துவிட்டது, வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால் பதிவுக்கு அனுப்பிவிடலாம் என்றார்கள். முந்தின வாரம் வரைக்கும் என் முறை வர நாளாகும் என்று சொன்னவர்கள்! யோசிக்கக்கூட இல்லை. இரண்டு பேரும் அரை நாள் விடுப்பு போட்டுவிட்டுக் கிளம்பினோம்.

நான் கேட்ட அதே நீலம். கதவைத் திறந்தேன், உள்ளே உட்கார்ந்தேன், ஸ்டியரிங்கைத் தடவிப் பார்த்தேன். கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தபோது, அந்த இளைஞர் நல்ல சேதி சொல்கிற மாதிரி முகமெல்லாம் மலர்ந்து சொன்னார்: “இது வேற ஒரு சாருக்கு வந்த வண்டி மேடம். அவர்கிட்ட உங்க நிலைமையைச் சொன்னேன். உடனே உங்களுக்கு விட்டுக் குடுத்துட்டாரு.”

பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டேன். “என் நிலைமை இன்னாங்க?” என்று கேட்டேன். அவர் முகம் வெளிறிவிட்டது. கெட்ட எண்ணத்தில் சொன்னவர் இல்லை என்பது எனக்கும் தெரிந்துதான் இருந்தது. ஆனால் அத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தது, யாரோ இரக்கப்பட்டுக் கொடுப்பதை வாங்கிக்கொள்ளவா? இந்த வண்டி எனக்கு வேண்டாம், என் முறை எப்போது வருகிறதோ அப்போது கூப்பிடுங்கள் என்றேன். மேனேஜர் ஓடி வந்து மன்னிப்புக் கேட்டார். என் கணவர் எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். வண்டியை விட்டுக்கொடுத்த அந்த மனிதரிடம் நானே பேச வேண்டும், வேண்டாம் என்று நானே சொல்ல வேண்டும் என்றேன். மேனேஜர் அவருக்குப் போன் போட்டார். மறுமுனையில் இருந்தவர், பக்கத்தில் செங்குன்றத்தில்தான் இருப்பதாகவும், தான் வரும்வரை அந்த அம்மாவை உட்காரவைக்கும்படியும் சொன்னாராம்.

மீன் வண்டி ஒன்று ஷோரூம் வாசலில் வந்து நின்றது. ஐம்பதைத் தாண்டிய ஒருவர் அதை அவரே ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினார். கறுத்த, கட்டுமஸ்தான ஆள். பழவேற்காடு பக்கம் மீன்பிடிக்கிற குடும்பம், இப்போது நண்டும் இறாலும் வாங்கிச் சென்னைக்கு அனுப்புகிறார் என்று மேனேஜர் காதோரம் சொன்னார். வந்தவர் எனக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

நான் சொல்ல நினைத்திருந்ததையெல்லாம் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

“எம்மா, அந்தத் தம்பி உங்க காலைப் பத்திச் சொன்னது நெசந்தான். கேட்டதும் மனசுக்கு ஒரு மாதிரி ஆச்சு, அதுவும் நெசந்தான். ஆனா வண்டிய வுட்டது அதுக்கு மட்டும் இல்ல” என்றவர், குரலைத் தாழ்த்திக்கொண்டார். “எனக்கு பயமா கீதும்மா.”

நான் அவரையே பார்த்தேன்.

“புள்ளைங்க முன்னாடி வீராப்பா புக் பண்ணிட்டேன். இங்க வந்து ஓட்டிப் பாத்தேன் பாரு, குபீர்னு கிளம்பிடுச்சி. சத்தமே இல்ல. நான் படகுலயே வளந்தவன். இன்ஜின் சத்தத்த வச்சித்தான் எனக்கு எல்லாமே. சத்தம் நின்னா ஆபத்துன்னு அர்த்தம். இதுல என்னாத்த வச்சித் தெரிஞ்சிக்கிறது? என் எடது காலு வேற கிளச்சத் தேடிக்கினே கீது. கிளச்சுன்னு நெனச்சி பிரேக்க மிதிச்சி, மூஞ்சில இடிச்சிக்கினேன். ஒரு அம்மா இறங்கவே மாட்டேன்னு ஓட்டுனாங்கன்னு இந்தத் தம்பி சொன்னாரு. அப்ப முதல்ல அவங்க எடுத்துக்கினு போவட்டும்னேன். என் வண்டி வர்றதுக்குள்ள அவங்ககிட்டயே கத்துக்கலாம்னு ஒரு யோசனை. கத்துக் குடுப்பீங்களா?”

அந்த இளைஞர் தரையைப் பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார். அதைப் பார்த்ததும் இடித்துக்கொண்டது உண்மைதான் என்று தெரிந்துவிட்டது. இருந்தாலும் என் மனம் முழுதாக ஒப்பவில்லை. என்னைச் சமாதானப்படுத்துவதற்காகப் பயத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிச் சொல்கிறாரோ? நானே பார்த்துவிடுவது என்று எழுந்தேன்.

“இப்பவே வாங்கண்ணா. நான் ஓட்டுறேன், நீங்க பக்கத்துல உக்காந்து பாருங்க.”

வாடிக்கையாளர்கள் ஓட்டிப் பார்ப்பதற்கென்று அதே மாதிரி வண்டி ஒன்று ஷோரூமில் இருந்தது. அதை எடுத்தோம். அவர் என் பக்கத்தில், இளைஞர் பின்னால். என் கணவர் வாசலிலேயே நின்றுகொண்டார். செங்குன்றம் தாண்டி நெடுஞ்சாலை கொஞ்சம் வெறிச்சோடியிருந்த இடத்தில், முன்னால் ஒன்றும் இல்லை என்று பார்த்துக்கொண்டு காலை அழுத்தினேன். வண்டி பாய்ந்தது. பக்கத்தில் இருந்தவர் கதவின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நடிப்பு இல்லை. நெற்றியில் வேர்த்திருந்தது. உடனே வேகத்தைக் குறைத்துச் சீராக ஓட்டினேன்.

காரனோடை நெருங்கும்போது, ஒரு டிராக்டர் தப்பான பக்கத்தில் எங்களுக்கு நேர் எதிரே வந்தது. பக்கத்தில் லாரி போய்க்கொண்டிருந்ததால் ஒதுங்கவும் இடமில்லை. வலது காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுத்தேன். எடுத்த மாத்திரத்தில், எலெக்ட்ரிக் வண்டிகளின் வழக்கப்படி, அது தானாகவே இழுத்துப் பிடித்த மாதிரி வேகம் குறைந்தது. கடைசியில் பிரேக்கைத் தொட்டதும் நின்றுவிட்டது. டிராக்டர்காரர் எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓரமாக ஒதுங்கிப் போனார்.

பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். அவர் இரண்டு கால்களையும் தரையில் ஊன்றி, இல்லாத கிளட்சையும் இல்லாத பிரேக்கையும் ஒரே நேரத்தில் மிதித்துக்கொண்டிருந்தார். தன் கால்களைப் பார்த்தார். பிறகு என் கால்களைப் பார்த்தார். பட்டை போட்ட என் இடது கால் ஓரமாகச் சும்மா கிடந்தது.

“இது ஒத்தக் கால் வண்டிம்மா” என்றார். “ரெண்டு கால வச்சிக்கினு நான்தான் பேஜாரு பட்டுக்கினு கீறேன்.”

பின்சீட்டில் அந்த இளைஞர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் காலைப் பற்றி என் முகத்துக்கு நேரே, குரலைத் தாழ்த்தாமல் யாரும் விளையாட்டாகப் பேசி அதுவரை நான் கேட்டதேயில்லை. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவரும் சிரித்தார். அந்தச் சாலையோரத்தில் கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தோம்.

ஷோரூமுக்குத் திரும்பியதும் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். என் வண்டியிலேயே கற்றுத் தருகிறேன், பாதியில் விடக் கூடாது என்று நிபந்தனையும் போட்டேன். அவர் தலையாட்டினார்.

பதிவெல்லாம் முடிந்து வண்டியை எடுத்த அன்று, எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டு நானே ஓட்டிக்கொண்டு கிளம்பினேன். என் கணவர் பைக்கில் பின்னால் வந்தார். கொஞ்ச தூரம் கண்ணாடியில் அவர் ஹெல்மெட் தெரிந்துகொண்டேயிருந்தது. பிறகு தெரியவில்லை. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, சார்ஜரை மாட்டிவிட்டு, டீக்குப் பால் வைத்தேன். எங்கள் கல்யாண வாழ்க்கையில் நான் முன்னால் வந்து அவருக்காகக் காத்திருந்தது அன்றைக்குத்தான். மழையில் நனைந்து வந்தவர், வண்டியைச் சுற்றி ஒரு முறை நடந்துவிட்டு, “நாளைலேர்ந்து என்னை யார் கூட்டினு போறது?” என்று கேட்டார்.

பயிற்சி, ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பழவேற்காடு போகும் சாலையில் நடந்தது. இடது காலை சீட்டுக்கு அடியில் மடித்து வையுங்கள் என்றால் அந்த மனிதருக்குக் கோபம் வரும். முதல் இரண்டு வாரம் அந்தக் கால் கிளட்சைத் தேடி முன்னால் வந்துகொண்டேயிருந்ததை நான் பார்த்தேன். சத்தம் இல்லாததுதான் பயம் என்றால் கண்ணை நம்புங்கள், மீட்டரைப் பாருங்கள் என்று சொல்லிக்கொண்டேயிருந்தேன். ஒரு தடவை வண்டியைப் புளியமரத்துக்குக் கைநீளத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, வேண்டாம்மா, புக்கிங்கை ரத்து பண்ணிடறேன் என்று இறங்கிவிட்டார். நான் இறங்கவில்லை. உள்ளே உட்கார்ந்தே காத்திருந்தேன். ஒரு பீடி நேரம் கழித்து அவரே வந்து ஏறினார். பொங்கலை ஒட்டி அவர் வண்டியும் வந்தது. மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, இடது காலை அசைக்காமல், அவர்கள் குப்பம் வரை அவரே ஓட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவேண்டிய அவசியமே வரவில்லை.

அவர் முறையை எனக்கு விட்டுக்கொடுத்ததில் இரக்கம் எவ்வளவு, பயம் எவ்வளவு என்று என் கணவர் ஒரு நாள் கேட்டார். இரண்டும் இருந்திருக்கும் என்றேன். அதைப் பிரித்துப் பார்க்கிற எண்ணம் எனக்குப் போய்விட்டது. என் காலைப் பற்றி எல்லாம் தெரிந்த ஒரு மனிதர், எனக்கு எதிரே உட்கார்ந்து ‘எனக்குக் கத்துக் குடுப்பீங்களா’ என்று கேட்டாரே, அந்த ஒரு கேள்விதான் இன்றைக்கும் ஸ்டியரிங்கைப் பிடிக்கும் ஒவ்வொரு நாளும் என்னை நிமிர்ந்து உட்கார வைக்கிறது.