கூட்டம் முடியும்வரை பிடித்த வயர்

தென்காசி நகராட்சிக் கூட்டத்தை, வாசலில் வைத்த டிவியில் ஊரே நேரடியாகப் பார்க்க ஏற்பாடு. மன்றக் கூடத்தின் ஓட்டுக்கூரைக்குக் கீழே அடித்திருந்த பலகைத் தளத்தின் மேல் கேபிள் இழுக்க வந்த வயர்மேனுக்கு டார்ச் அடிக்க, குமாஸ்தாவான என்னையும் ஏற்றிவிட்டார்கள். வயர்மேன் ஒல்லியான ஆள். எப்போதும் பல்லிடுக்கில் ஒரு துண்டுக் கம்பியைக் கடித்துக்கொண்டிருப்பார்.

கடைசி இணைப்பைச் சுற்றும்போதுதான் அதில் ஒட்டவேண்டிய டேப்பைக் கீழேயே வைத்துவிட்டது தெரிந்தது. அதற்குள் கூட்டம் தொடங்கிவிட்டது. கேமராவில் தெரிகிறதென்று ஏணியையும் எடுத்துவிட்டார்கள். இணைப்பை இரண்டு விரலால் அழுத்தியபடி அவர் குப்புறப் படுத்துக்கொண்டார். விரல் தளர்ந்தால் படம் போய்விடும். வெளியே குற்றாலச் சாரல். ஓட்டுக்கடியில் எங்களுக்கு மூச்சு முட்டியது.

கீழே ஓர் உறுப்பினர் எழுந்தார். "வேலை தெரியாத பயகிட்ட வயரிங்கைக் குடுத்திருக்கிய. படம் பாதியில நிக்கப்போவுது, பாருங்க."

எனக்குச் சுருக்கென்றது. "கைய எடுங்க அண்ணாச்சி. அந்தாளு மூஞ்சி தெரியாமப் போவட்டும்" என்றேன் மெதுவாக.

கம்பியைக் கடித்தபடியே சொன்னார்: "எடுத்தா அவரு சொன்னது சரியாப் போயிரும்லா."

உறுப்பினர் முக்கால் மணி நேரம் திட்டித் தீர்த்தார். அந்த முகத்தை ஊருக்குத் தெளிவாகக் காட்டிக்கொண்டிருந்தவை, மரத்துப்போன அந்த இரண்டு விரல்கள்தான்.