சாமிப் பலகையில் இருந்த தெர்மாமீட்டர்

"ரெண்டு பேருக்கும் எல்லாம் நார்மல்" என்று டாக்டரம்மா சொன்னபோது என் கணவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குறை என்று ஒன்று இருந்தால் அதற்கு மருந்து இருக்கும். குறையே இல்லை என்றால் எதற்கு மருந்து கேட்பது?

ஐம்பதுகளின் நடுவில், சிராங்கூன் சாலையை ஒட்டிய கடைவீட்டு மாடியில் ஓர் அறையில் குடியிருந்தோம். கல்யாணமாகி எட்டு வருடம், குழந்தை இல்லை. எனக்கு முப்பத்து மூன்று வயது. அதற்குள் எல்லாச் சோதனையும் முடிந்திருந்தது. அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க எனக்குக் கருக்குழாயில் காற்றுச் செலுத்தினார்கள். இரண்டு நாள் தோள்பட்டை வலித்தது. துறைமுகத்தில் கிராணியாகக் கணக்கெழுதிய என் கணவர், சோதனைக்குத் தாம் கொடுக்க வேண்டியதைச் சின்னப் போத்தலில் எடுத்து, சூடு ஆறாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். தெரிந்தவர் யாரும் ஏறிவிடக் கூடாதே என்று ஆஸ்பத்திரி வரை தலை நிமிரவில்லையாம்.

கீழ்வீட்டு அக்கா விடவில்லை. "ரெண்டு பேரும் நல்லா இருந்தா இந்நேரம் தொட்டில் கட்டியிருக்கணுமே லா? பேசாம ஒரு சீனப் புள்ளைய எடுத்து வளரு. பொட்டப்புள்ளைன்னா வேணாம்னு குடுத்துடறாங்க."

டாக்டரம்மா யாழ்ப்பாணத்துக்காரர். இன்னும் ஒரு வருடம் காத்திருக்கலாம் என்றார். காற்றுச் சோதனையை மறுபடி செய்யலாம், சிலருக்கு அதற்குப் பிறகு கரு தங்கியிருக்கிறது என்றார். இல்லாவிட்டால் தினமும் காலையில் உடம்புச் சூட்டைக் குறித்து, கருத்தரிக்கும் நாளைக் கண்டுபிடிக்கலாம். சும்மா காத்திருக்க என்னால் முடியாது. தெர்மாமீட்டர் வாங்கினோம்.

ஏழு மாதம் நான் சொல்லச் சொல்ல, அவர் கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுத்தார். கோடு தாறுமாறாக ஓடியது. டாக்டரம்மா தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன இது, கடல் அலை மாதிரி? கட்டிலை விட்டு எழும்ப முந்தியே வாயில வைக்கச் சொன்னனான் எல்லோ?"

"குளிச்சிட்டு வந்துதான் வைப்பேன், டாக்டர்."

"ஏன் குளிக்கிறீர்?"

"அது சாமிப் பலகையில இருக்கு. குளிக்காம எப்படித் தொடறது?"

பிள்ளைக்காக வாங்கிய பொருள். வாங்கிய அன்றே என் கணவர் அதைத் திருநீற்றுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். இரண்டு பேருமே அதற்கு மேல் யோசிக்கவில்லை. தினமும் விடியலில் தலைக்குக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, விளக்கேற்றி, கும்பிட்டுவிட்டு நாக்கடியில் வைத்தேன். ஏழு மாதம்!

டாக்டரம்மா சிரித்தார். "உம்மட சாமி குறை நினைக்க மாட்டார். தலகணிக்குக் கீழ வையும்."

வைத்தேன். கோடு ஒழுங்குக்கு வந்தது. நாள் தெரிந்தது. அந்த நாட்களில் இரவு வேலை விழுந்தால் இவர் பல்வலி என்று சொல்லி மாற்றிக்கொள்வார். "மாசா மாசம் பல்லு வலிக்குதா, பிடுங்கித் தொலையேன்" என்றாராம் மேலதிகாரி. ஐந்து மாதம் போனது. பொறுக்க முடியாமல் காற்றுச் சோதனைக்கும் மறுபடி போய்ப் படுத்தேன். அடுத்த மாதம் தள்ளிப்போனது.

"எதனால் டாக்டர்? தாளா, காற்றா?" என்று கேட்டேன்.

"எனக்கும் தெரியாது. ரெண்டும் இல்லாமலும் வந்திருக்கலாம்."

அந்தப் பதில்தான் இன்றுவரை என்னை உட்கார விடவில்லை. எதனால் வந்தாள் என்று தெரியாதவளை எதைக் கொண்டு காப்பது?

இப்போது தோ பாயோ வீட்டில் இருக்கிறோம். மகளுக்குப் பதினொரு வயது. போன வாரம் பள்ளி விட்டு வந்து தலைவலி என்றாள். மூன்று தரம் தெர்மாமீட்டர் வைத்தேன்.

"அம்மா, நார்மல் லா! இன்னும் எத்தனை தடவை பார்ப்பீங்க?"

டாக்டரம்மாவும் அன்று நார்மல் என்றுதான் சொன்னார். நான் தெர்மாமீட்டரை உதறிப் பாதரசத்தை இறக்கிவிட்டு, மறுபடி வாயைத் திறக்கச் சொன்னேன்.