சின்னப்பனின் இரண்டாவது அடி

சமையற்காரர் சின்னப்பன் இறந்துவிட்டார். பாப்பாரப்பட்டியிலிருந்து அரூருக்கு வந்த பேருந்து நடத்துனர் ஒருவர் போன வாரம் பள்ளிக்கே வந்து சொன்னார். அடக்கம் முந்தின நாளே முடிந்திருந்தது. பாப்பாரப்பட்டிப் பங்குச் சாமியார் வீட்டில் அவர் கையால் சாப்பிட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அப்போது நான் அங்கே பங்குப் பள்ளியில் ஆசிரியர். மதியச் சாப்பாடு பங்குத்தந்தையின் வீட்டில். தந்தை பிரான்சின் மேற்குக் கரைக்காரர். விடுமுறைக்குப் போய்த் திரும்பும்போது தம் ஊர்ப்பக்கத்து வெள்ளை ஒயினான முஸ்கதேயில் சில பாட்டில்கள் கொண்டுவருவார். முதல் முறை புளி ஊற்றிய மீன்குழம்போடு அதைக் குடித்துவிட்டு முகம் சுளித்தார். சின்னப்பன் தாமும் ஒரு வாய் வாங்கிக் குடித்துப் பார்த்தார்.

"கொழம்பு இத அடிச்சுப் போட்டுருச்சுங்க சாமி."

அடுத்த ஞாயிறு ஒகேனக்கல் கெண்டையை, புளியும் மிளகாயும் இல்லாமல், உப்பும் துளி மிளகும் தடவி வெண்ணெயில் வறுத்து வைத்தார். முள் மட்டும் மிஞ்சும்வரை தந்தை தட்டை விட்டு நிமிரவில்லை.

சின்னப்பனுக்குக் கோபம் கையில்தான் வரும். ஒருநாள் அந்த ஒயினோடு நான் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டேன். என் கையிலிருந்த கண்ணாடித் தம்ளரைப் பிடுங்கிச் சுவரில் அடித்தார். "ஊறுகா தின்ன நாக்குக்குத் தண்ணி போதுங்க வாத்தியாரே!"

எண்பத்திரண்டில், ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு. கணவனின் அடி தாங்காமல் ஓடிவந்த மாதம்மா என்ற பெண்ணுக்குத் தந்தை அடைக்கலம் கொடுத்திருந்தார். கணவன் சாராயம் விற்பவன். நாங்கள் மீனில் கை வைத்த நேரம், கதவை உதைத்துக்கொண்டு அருவாளோடு உள்ளே வந்தான்.

"எங்கடா எம் பொண்டாட்டி?"

தந்தை எழுந்து மறித்தார். அருவாள் அவர் தோளில் இறங்கியது. மீண்டும் ஓங்கினான். பரிமாறிக்கொண்டிருந்த சின்னப்பன் கையிலிருந்த ஒயின் பாட்டிலால் அவன் தலையில் அடித்தார். பாட்டில் உடைந்தது. அருவாள் தரையில் விழ, அவன் மண்டியிட்டான். சின்னப்பன் அதோடு நிற்கவில்லை. உடைந்த கழுத்துப் பகுதியால் முகத்தில் இன்னொரு முறை குத்தினார். தட்டுகளெல்லாம் இரத்தம். தந்தை பிழைத்தார். அவனுக்கு ஒரு கண் போயிற்று.

ஒரே அடி, அதுவும் தந்தையைக் காப்பாற்ற என்று போலீசில் நான் எழுதிக் கொடுத்தேன். தர்மபுரி நீதிமன்றத்திலும் அதையே சொன்னேன். சின்னப்பனின் வக்கீல் என்னைச் சொல்லச் சொன்னதும் அதைத்தான். சின்னப்பன் கூண்டில் ஏறினார்.

"ரெண்டு அடிங்க ஐயா. மொத அடியிலயே அருவா கீழ வுழுந்துருச்சு. ரெண்டாவது கோவத்துல அடிச்சது. வாத்தியாரு எம்மேல இருக்கற பாசத்துல சொல்றாரு."

ஓராண்டு சிறை. திரும்பி வந்தவரிடம், "வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் வீட்டுக்கு வந்திருப்பீர்களே" என்றேன்.

"மாதம்மாவ அவன் கோவத்துலதான் அடிச்சான். எங் கோவத்துக்கு மட்டும் வேற பேரு வெக்கச் சொல்றீங்களா?"



வகுப்பில் பிரம்போடு கை உயரும்போது, இது எத்தனையாவது அடி என்று கேட்டுக்கொள்கிறேன். எல்லா நாளும் கை அடிக்காமல் இறங்கிவிடுவதில்லை. ஆனால் எத்தனை அடித்தேன் என்பதை யார் கேட்டாலும் இப்போது மறைப்பதில்லை. சின்னப்பனிடமிருந்து எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.