தாஸிமின் நெஞ்சுப் போத்தல்

அலவத்துகொட மெத்தைக்கடைத் தாஸிமுக்கு மனிதர்களைப் பிடிக்காது. வாங்கும் எண்ணமே இல்லாமல் மெத்தையை அமுக்கிவிட்டுப் போகும் முகங்களை முப்பது வருஷம் பார்த்தவருக்கு வேறு எப்படி இருக்கும்? கண்டியில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும்போதும் அப்படித்தான்.

"இந்த மெத்தைய நாய்க்கும் விக்க மாட்டேன்" என்றார் மனைவி ருக்கியாவிடம்.

வலது நுரையீரலில் ஒரு துண்டை வெட்டி எடுத்திருந்தார்கள். காலியான இடத்தில் பங்கசு குடியேறிவிட்டது, பழைய பாணில் பூஞ்சணம் பிடிக்குமே, அந்த இனம். விலாவில் ஒரு குழாய். அதன் மறுமுனை தரையில் இருந்த தண்ணீர்ப் போத்தலுக்குள். தினமும் குழாய் வழியாக மருந்து விட்டு, ஒரு மணிநேரம் அடைத்து வைத்து, வடிய விடுவார்கள். வாரம் ஒருமுறை வடிந்ததைச் சோதிப்பார்கள். தொடர்ந்து மூன்று முறை சுத்தமாக வந்தால் குழாய் கழலும். இல்லாவிட்டால் விலா எலும்பை வெட்டி நெஞ்சைத் திறந்தே வைக்க வேண்டும். இரண்டு முறை சுத்தமாக வந்திருந்தது.

மூன்றாவது சோதனைக்கு முதல் நாள் முனாஸ் நோய் பார்க்க வந்தார். ருக்கியாவின் நானா, கூடப்பிறந்த அண்ணன். பத்து நாளில் ஆறாவது தடவை. கையில் நோயாளிக்கு ஓதும் யாசீன் கிதாபு, வாயில் வைத்தியம்.

"மச்சான், கருஞ்சீரகம் திண்டா இந்தப் பங்கசு ஓடிப் பெய்த்திடும்."

"அப்ப டொக்டர்மார வீட்டுக்குப் போகச் செல்லட்டா?"

முனாஸுக்கு அது காதில் விழவில்லை. போத்தல் கண்ணில் பட்டுவிட்டது.

"யாசீன் ஓதுற எடத்துல இந்த ஊத்தையா?"

தூக்கி, தாஸிமின் தலைக்கு மேலே ஜன்னல் திட்டில் வைத்தார். குழாயில் மஞ்சள் தண்ணீர் நெஞ்சை நோக்கித் திரும்பி ஓடியது.

"கீழ வைங்கோ! கீழ!" தாஸிம் கத்தினார்.

ருக்கியா பாய்ந்து எடுத்துத் தரையில் வைத்தாள். சத்தத்துக்கு வார்டு நர்ஸ் மிஸ் ஓடி வந்தார்.

"போத்தல யாரு தூக்கின? அவங்கள இனி வார்டுக்குள்ள விட மாட்டேன்."

முனாஸ் கிதாபைத் திறந்து அதற்குள் குனிந்துகொண்டார். இப்படியும் ஒரு மடையனா என்று தாஸிம் அவரையே பார்த்தார்.

"நான்தான் மிஸ். கை சும்மா ஈக்கல்ல" என்றார் தாஸிம்.

மறுநாள் எடுத்ததில் பங்கசு இருந்தது. போத்தலாலா, தானாகவா என்று டொக்டர் சொல்லவில்லை. "முதல்ல இருந்து மூணு தரம். அதுவும் சரிவராட்டி வெட்டுறதுதான்" என்றார்.

தாஸிம் சுவரைப் பார்த்துப் படுத்தார். பிறகு ருக்கியாவைக் கூப்பிட்டார்.

"ஒன்ட நானா நாளைக்கும் வருவாரு. வராம ஈக்கத் தெரியாத மனுஷன். அவரு குந்துற கதிரய அந்தப் பக்கம் போடு, போத்தலுக்கு எட்டாம. கிதாப ரெண்டு கையாலயும் பிடிச்சி ஓதச் செல்லு."